ஈரத்துணி சுற்றிய பொம்மை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு சரி. முன்னால் நடந்தது பின்னால் வந்து விழும், பின்னால் நடந்தது முன்னால் வரும். போன வாரம் இந்தப் பத்திரிகையில், தைத்த பனியனில் பிசிறு நூல் வெட்டிய காலத்தைப் பற்றி எழுதும்போது ஒரு அக்காவின் பெயரை மாற்றி எழுதிவிட்டேன் என்று மங்கலத்திலிருந்து ஒரு அம்மா திருத்திச் சொல்லியிருந்தார். அவர் சொன்னதுதான் சரி. மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த வாரமும் எங்காவது தப்பு இருக்கும்.

ஆனால் ஒரு சாயங்காலம் மட்டும் எனக்கு அப்படியே இருக்கிறது.

மணி அடித்து வேலை விட்ட நேரம். அருள்புரத்தில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் பெரிய கேட். பெண்கள் டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கும்பல் கும்பலாக வெளியே போகிறார்கள். தலைமுடியில், புருவத்தில் எல்லாம் பஞ்சுத் தூசு.

கேட்டுக்கு உள்பக்கம், போகிற கூட்டம் இடித்துவிடாதபடி சுவரை ஒட்டி ரிங்கி நிற்கிறாள். ஐந்து வயது. இரண்டு கையாலும் ஒரு களிமண் பொம்மையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருக்கிறாள். பொம்மையின் முகம் ரோட்டைப் பார்த்து இருக்கிறது. அது அவளுடைய அம்மா பொம்மை. ஊருக்குப் போன அம்மா இன்றைக்கு வந்துவிடுவாள் என்று நிற்கிறாள்.

அவளுடைய அம்மா இறந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. அது அந்தக் கேட்டைத் தாண்டிப் போன முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது.

அவள் அங்கே நின்றதற்குக் காரணம் நான் சொன்ன ஒரு வார்த்தை. அதைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

பேபி ரூம்

பிசிறு வெட்டி வெட்டி என் முழங்கால் போன பிறகு, நின்று செய்கிற வேலை ஆகாது என்று ஆகிவிட்டது. கம்பெனியில் என்னை வீட்டுக்கு அனுப்பாமல், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடத்தில் ஆயாவாகப் போட்டார்கள். போர்டில் குழந்தைகள் காப்பகம் என்று எழுதியிருக்கும். எல்லோரும் சொல்வது பேபி ரூம் என்றுதான்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சூப்பர்வைசர் எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்கி நின்றுவிடுவேன். பிள்ளைகளிடம் மட்டும் அந்தக் கூச்சம் வராது. அதனால் அந்த வேலை பிடித்துப் போயிற்று.

டீச்சர் பெயர் ஜெபா. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். வேலை தேடி அப்பா அம்மாவோடு இங்கே வந்தவர். நான் பேசாத பேச்சையும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

“ஏக்கா, உங்ககிட்ட ஒரு வார்த்தை வாங்குறதுக்குள்ள எனக்குத் தொண்டத் தண்ணி வத்திப் போவுது” என்பார்.

பதினைந்து பிள்ளைகள் இருக்கும். பாதிப் பேர் இந்திக்காரப் பிள்ளைகள். ரிங்கி பீகார் பக்கம். பேச்சு வருகிற வயதில் இங்கே வந்ததால் என்னிடம்தான் தமிழ் கற்றுக்கொண்டாள். “ஏனுங்க டீச்சர், எனக்கு ஒண்ணுக்கு வருதுங்க” என்று அவள் எழுந்து நின்றால் ஜெபாவுக்குச் சிரிப்புத் தாங்காது. “பீகார்ல பொறந்த பிள்ள கோயம்புத்தூர் மரியாதைல்லா பேசுது” என்பார்.

அவளுடைய அம்மா சுனிதா, செக்கிங்கில் இருந்தாள். தைத்து வருகிற டீ ஷர்ட்டை விரித்து, முன்னே பார்த்து, பின்னே திருப்பிப் பார்த்து, தப்பு இருக்கிற இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவது அவள் வேலை. டீ நேரத்தில் மகளைப் பார்க்க வந்தாலும் அந்தப் பழக்கம் போகாது. மகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கவுனில் பட்டன் ஒன்று குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

ரிங்கிக்கும் அதே விளையாட்டுதான். தட்டு, டம்ளர், பக்கத்துப் பிள்ளையின் காது என்று எதை எடுத்தாலும் முன்னே பார்த்து, பின்னே பார்த்து, “ஓகே” என்பாள். பிடிக்காவிட்டால் “ரிஜெக்ட்.” ஒரு தடவை என் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, பல் இல்லாததற்காக என்னையும் ரிஜெக்ட் செய்தாள்.

சுனிதா இரண்டாவது பிள்ளை உண்டாகியிருந்தாள். காலெல்லாம் வீங்கிப் போய், செருப்பு நுழையாமல் நடந்தாள். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டிப் போக அவளுடைய அண்ணன் வந்தான். வயிற்றுப் பிள்ளையோடு மகளையும் இழுத்துக்கொண்டு அத்தனை நாள் ரயிலில் போக முடியாது. ரிங்கியை அப்பாவிடமும் அத்தையிடமும் விட்டுவிட்டுப் போனாள்.

போகிற அன்று பேபி ரூம் வாசலில் நின்று, “ஆயாம்மா, பாப்பா பாத்துக்கோ. மூணு மாசம்” என்று மூன்று விரலைக் காட்டினாள்.

மண்ணும் பஞ்சும்

களிமண் சமாசாரம் ஜெபா தொடங்கியது. பிள்ளைகள் மண்ணில் செய்கிற சின்னச் சின்ன வேலைகளைப் போனில் பார்த்துவிட்டு, கலர் களிமண் வேண்டும் என்று ஆபீசில் கேட்டார். “பாக்கலாம்” என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

“மண்ணு நான் கொண்டாரனுங்க” என்று நான் சொன்னேன். எங்கள் வீட்டுக்குப் பின் தெருவில் பானை செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். கேட்டதும் ஒரு சாக்கில் பாதி கொடுத்தார்.

வீட்டில் பிள்ளைகளுக்குச் செய்து கொடுக்க நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். மண்ணை இரவு முழுக்க ஊற வைக்க வேண்டும். காலையில் கரைத்து, பழைய பனியன் துணியில் வடித்தால் கல்லும் வேரும் நின்றுவிடும். வண்டல் அடியில் தங்கியதும் மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, அதே துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிட வேண்டும். மறுநாள் எடுத்துப் பிசைந்தால் சப்பாத்தி மாவு போல இருக்கும். கையில் ஒட்டக் கூடாது. அதுதான் பதம்.

காயவைக்கிற விதம்தான் முதல் வாரம் எங்களுக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் செய்த விளக்கை எல்லாம் சீக்கிரம் காயட்டும் என்று ஜெபா ஃபேனுக்குக் கீழே வைத்தார். மறுநாள் எல்லாம் வெடித்துக் கிடந்தன. ஒரு வாண்டு தன்னுடையதை இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டு வந்து, “டீச்சர், என் வெளக்கு குட்டி போட்டிருச்சு” என்றது.

பிறகுதான் எனக்குப் பஞ்சு ஞாபகம் வந்தது. நூலைப் பின்னித் துணி ஓட்டுகிற மெஷினுக்கு அடியில் வெள்ளைப் பஞ்சு மெத்தை மெத்தையாகப் படிந்து கிடக்கும். பெருக்கி வெளியே கொட்டுவார்கள். அதில் ஒரு பிடி எடுத்து, பிய்த்துப் பிய்த்து மண்ணில் தூவிப் பிசைந்தேன். அதற்கப்புறம் ஒன்றும் வெடிக்கவில்லை. கலர் பஞ்சு மட்டும் வேண்டாம். சாயம் இறங்கிப் பிள்ளைகள் கையெல்லாம் நீலமாகிவிடும்.

மண்ணை உருட்டினால் பாம்பு. பாம்பைச் சுற்றி அடுக்கினால் கிண்ணம். உருண்டையில் கட்டை விரலை அழுத்தினால் விளக்கு. தட்டையாகத் தட்டி, அதன்மேல் காலருக்குத் தைக்கிற ரிப் துணியை வைத்து அழுத்தி எடுத்தால் வரி வரியாகக் கோலம் விழும். லேஸ் துணியை வைத்தால் பூ விழும், பட்டனை வைத்தால் வட்டம் விழும். கழித்துப் போட்ட பட்டன்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. சின்னதுகள் வாயில் போட்டுவிடும் என்று அந்த டப்பாவை ஜெபா தன் கையிலேயே வைத்திருப்பார்.

மண் இருந்த நாளில் அந்த ரூமில் அழுகைச் சத்தம் கேட்காது.

கண் வைக்கக் கூடாது

ஒரு வாரம் ஜெபா, “இன்னைக்கு அவங்கவங்க வீட்டு ஆளு ஒருத்தரச் செய்யணும்” என்றார்.

ரிங்கி அம்மாவைச் செய்தாள். உள்ளங்கை அளவு. வயிறு மட்டும் பெரிய உருண்டை. மெல்லிசாக ஒரு பாம்பு உருட்டி முதுகில் பின்னலாக ஒட்டினாள். பிறகு, “டீச்சர், கண்ணுக்கு ரெண்டு பட்டன் குடுங்க” என்று கையை நீட்டினாள். அவளைப் பார்த்து எல்லாப் பிள்ளைகளும் கையை நீட்டின.

மூலையில் துணி பிழிந்துகொண்டிருந்த நான் வாயைத் திறந்தேன். “டீச்சர், கண் மட்டும் வேண்டாமுங்க.”

ஏன் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். நான் பிறந்தது கணியூர்ப் பக்கம். என் தம்பிக்குச் சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்து, பிழைக்க மாட்டான் என்று இருந்தது. எங்கள் அம்மா கோயிலுக்கு உருவாரம் நேர்ந்துகொண்டார். உருவாரம் என்றால் நேர்ந்துகொண்டு வைக்கிற மண் உருவம். பிள்ளைக்கு நோய் என்றால் பிள்ளை உருவம், கால் வலி என்றால் கால்.

பானை செய்கிறவர் தம்பி உயரத்துக்கு ஒரு பிள்ளையைச் செய்து, கண் இருக்கிற இடத்தில் துணியைக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். கோயிலில் வைத்துப் பூசை செய்த பிறகுதான் துணியை அவிழ்த்துக் கண்ணை எழுதினார். அதுவரை நாங்கள் எதிரில் நிற்கக் கூடாது. கண் திறந்தால்தான் அதற்கு உயிர் என்று சொன்னார்கள். தம்பி எழுந்து உட்கார்ந்தான். இன்றைக்கும் இருக்கிறான், பேரன் பேத்தி எடுத்துவிட்டான்.

அதனால் மண்ணில் செய்த ஆளுக்குக் கண் வைப்பது விளையாட்டு இல்லை என்பது என் மனதில் ஊறிப் போனது. இந்தப் பக்கத்து மனுஷிக்குத்தான் அப்படித் தோன்றும். ஜெபா கோயில் குளம் இல்லாதவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும், “அக்காவே வாயத் தொறந்து சொல்லுதாங்கன்னா ஏதோ இருக்கு. கண் வேண்டாம் பிள்ளைகளா” என்று சொல்லிவிட்டார்.

ஜன்னலில் பதினைந்து பேர் கண் இல்லாமல் வரிசையாக நின்றார்கள்.

ரிங்கி விடவில்லை. என் சேலையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

“ஆயாம்மா, எங்கம்மாவுக்கு மட்டும் கண் வேணுமுங்க.”

“இப்ப வேண்டாங் கண்ணு. காயட்டும். கண் தெறந்தா உசுரு வந்துரும். பொறவு பாத்துக்கலாம்.”

“கண் தெறந்தா எங்கம்மா வந்துருவாங்களா?”

எனக்கு அன்றைக்கு வேலை நிறைய. தரையெல்லாம் மண். குனிந்து துடைத்துக்கொண்டே, “ஆமாங் கண்ணு” என்று சொன்னேன்.

யோசித்துச் சொன்னது இல்லை. அப்போது சுனிதா உயிரோடு இருந்தாள். எப்படியும் வரப் போகிறவள்தானே என்று இருந்தது.

முகேஷ் சொன்னது

இரண்டு மூன்று நாள்தான் போயிருக்கும். டீ நேரத்தில் ரிங்கியின் அப்பா முகேஷ் பேபி ரூம் வாசலில் வந்து நின்றார். துணி ஓட்டுகிற மெஷினில் வேலை. காதில் அடைத்த பஞ்சைக்கூட எடுக்கவில்லை.

“அக்கா, சுனிதா இல்ல” என்றார்.

எனக்குப் புரியவில்லை. ஊருக்குப் போயிருக்கிறாள், இங்கே இல்லை, அது தெரிந்ததுதானே என்று நின்றேன். ஜெபாவுக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார்.

“பாப்பா பொறந்துச்சு. பாப்பா இருக்கு. சுனிதா இல்ல.” அதையே இரண்டு தரம் சொன்னார். “ரிங்கிக்கு சொல்லாத அக்கா. நான் ஊர் கூட்டிப் போய் சொல்லும். இங்க சொன்னா அவ எப்பிடி இருக்கும், நான் எப்பிடி வேலை செய்யும்?”

உள்ளே ரிங்கி ஒரு விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஓகே” என்று சொல்லிக் கீழே வைத்தாள்.

அவர் அன்றே கிளம்பினாலும் போய்ச் சேர்வதற்குள் தகனம் எல்லாம் முடிந்திருக்கும். கையில் இருந்த ஆர்டர் முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார்.

அவர் போன பிறகு ஜெபா சொன்னார்: “நாம சொல்லக் கூடாதுக்கா. பெத்தவர் சொல்லுததுதான் முறை.”

நான் தலையை ஆட்டினேன். உண்மையைச் சொன்னால், சொல்ல வேண்டியது நான் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஈரத்துணி

ஆனால் நான் சொன்ன “ஆமாங் கண்ணு” அங்கேயே நின்றது.

ரிங்கி தினமும் காலையில் வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் ஜன்னலுக்குப் போவாள். “காஞ்சிருச்சுங்களா ஆயாம்மா?”

மண் பொம்மை பஞ்சு சேர்த்திருந்தால் நிழலில் நாலு நாளில் காய்ந்துவிடும். கறுப்பு வெளுத்துச் சாம்பல் நிறத்துக்கு வரும். காய்ந்தால் கண் வைக்க வேண்டும். கண் வைத்தால் அம்மா வர வேண்டும்.

அதனால் நான் அதைக் காயவிடவில்லை.

சாயங்காலம் பிள்ளைகள் போனதும் ஒரு பனியன் துணியை நனைத்துப் பிழிந்து, பொம்மையைக் கைக்குழந்தையைச் சுற்றுவது போலச் சுற்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டி வைப்பேன். பிசைந்த மண் மிஞ்சினால் அப்படித்தான் வைப்போம். எத்தனை நாள் ஆனாலும் பதம் போகாது. காலையில் அவள் வருவதற்கு முன்னால் துணியை அவிழ்த்து ஜன்னலில் வைத்துவிடுவேன்.

அவள் வந்து வயிற்றில் விரலை வைத்து அழுத்துவாள். விரல் பதியும்.

“இன்னும் காயலை கண்ணு” என்பேன்.

அந்த வயிற்றில் எத்தனை விரல் தடம் விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

மற்றப் பிள்ளைகளின் பொம்மைகள் வீட்டுக்குப் போய்விட்டன. ஜன்னலில் ஒன்று மட்டும் நின்றது. செக்கிங் பெண்கள் டீக்குப் போகும்போது எட்டிப் பார்த்து ரிங்கிக்குப் பிஸ்கட் கொடுத்துவிட்டுப் போனார்கள். “எல்லாரும் எனக்கே குடுக்கறாங்க. ஏனுங்க?” என்று என்னைக் கேட்டாள்.

ஒரு சாயங்காலம் நான் துணியை நனைத்துக்கொண்டிருந்தபோது ஜெபா திரும்பி வந்துவிட்டார், குடையை மறந்துவிட்டு.

“அதானே பாத்தேன். எல்லாப் பொம்மையும் காஞ்சு வீட்டுக்குப் போயிட்டு, இது மட்டும் எப்பிடி...” என்று தொடங்கியவர் என் கையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். “எத்தனை நாளைக்குக்கா?” என்றார்.

நான் துணியைப் பிழிந்தேன்.

இரண்டு பட்டன்

ஆர்டர் முடிகிற மாதிரி இருக்கும், மறுபடி நீளும். முகேஷ் இரவு ஷிப்டும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு மாதம் போயிற்று.

அன்றைக்கு மதியம் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. ஆபீசில் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஜெபாவைக் கூப்பிட்டார்கள். நான் குழாயடியில் டம்ளர் கழுவிவிட்டுத் திரும்பினேன். ரிங்கி பாயில் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், ஜெபா மேசையில் விட்டுப் போன பட்டன் டப்பா திறந்து கிடந்தது.

“ஆயாம்மா, தெறந்துட்டனுங்க” என்று பொம்மையைத் தூக்கிக் காட்டினாள்.

ஒரு கண் வெள்ளைப் பட்டன், ஒரு கண் நீலப் பட்டன். நன்றாக அழுந்தி உட்கார்ந்திருந்தன. காய்ந்த மண்ணாக இருந்திருந்தால் பட்டன் ஏறியிருக்காது. அவள் கண் வைக்கக் கூடாது என்று நான் சுற்றி வைத்த ஈரம்தான் அவளுக்குக் கண் வைக்க வழி செய்து கொடுத்தது.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ரூமில் நாங்கள் இருவர்தான் விழித்திருந்தோம். அவள் அப்படிச் சிரித்துக்கொண்டு பார்த்தாள். நான், “நல்லாருக்குது. வா, படு” என்றேன். பாயைத் தட்டிப் போட்டேன். அது நான் செய்த இரண்டாவது தப்பு.

கேட்டில்

மணி அடித்ததும், “கேட்டுக்குப் போலாமுங்க, அம்மா வந்துட்டிருப்பாங்க” என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் போனேன்.

தொடக்கத்தில் சொன்னேனே, அப்படித்தான் நின்றாள். பொம்மையின் முகம் ரோட்டைப் பார்த்து. பஸ் ஒன்று நின்று போகும்போது குதிகாலை உயர்த்திக்கொண்டு பார்த்தாள். போகிற பெண்கள் பொம்மையைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாகப் போனார்கள்.

“ஏனுங் சரசக்கா, அந்தப் புள்ள யாரைப் பாத்துட்டு நிக்குது?” என்று வாட்ச்மேன் என்னைக் கேட்டார். அவர் புதுசு. அவருக்கு விஷயம் தெரியாது.

கூட்டம் குறைந்தது. அப்புறம் ஒருத்தர் இரண்டு பேர். அப்புறம் யாரும் இல்லை. வாட்ச்மேன் பெரிய கேட்டை இழுத்து மூடிவிட்டுச் சின்னக் கதவை மட்டும் திறந்து வைத்தார்.

ரிங்கி பொம்மையைத் தன் பக்கம் திருப்பினாள். முன்னே பார்த்தாள். பின்னே திருப்பிப் பின்னலைப் பார்த்தாள். மறுபடியும் முகத்தைப் பார்த்தாள்.

“ஆயாம்மா, ரிஜெக்டுங்களா?”

“எது தங்கம்?”

“ஒரு கண் வெள்ளை, ஒரு கண் நீலம். நான் தப்பா வெச்சுட்டனுங்க. அதனாலதான் எங்கம்மா வரலீங்களா?”

நான் செக்யூரிட்டி ரூம் படியில் உட்கார்ந்தேன். அவள் கேட்டதில் எனக்கு ஒன்று மட்டும் விளங்கியது. இன்னும் ஒரு நாள் நான் பேசாமல் இருந்தால், அம்மா வராமல் போனது தன்னால்தான் என்று இந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டு வளரும்.

ஜெபா அவளுடைய பையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். என் முகத்தைப் பார்த்து, “வேண்டாம்க்கா, அவங்க அப்பா வந்துரட்டும்” என்றார்.

நான் ரிங்கியை இழுத்து முன்னால் நிறுத்திக்கொண்டேன்.

“நீ நல்லாத்தான் வெச்சிருக்கற. உன்ற மேல தப்பே இல்ல. ஆயாம்மா சொன்னதுதான் தப்பு. பொம்மைக்குக் கண் வெச்சா ஆளு வராது தங்கம். உங்கம்மா செத்துப் போயிட்டா. இனி வரமாட்டா.”

அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள்.

“பாப்பாவுமுங்களா?”

“இல்ல தங்கம். பாப்பா இருக்குது. உங்கம்மாயி ஊட்டுல, அம்மாவப் பெத்த பாட்டிகிட்ட இருக்குது.”

“பாப்பாவுக்குக் கண் இருக்குதுங்களா?”

“இருக்குது.”

“ரெண்டுமுங்களா?”

“ரெண்டும்.”

அப்போதுதான் முகேஷ் வந்தார். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். “சொல்லிப் போட்டனுங்க” என்று நான் எழுந்து நின்றேன். அவர் கோபித்துக்கொள்வார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. அவரோ லாரி நிற்கிற அந்தத் தரையிலேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஒரு மாதமாக அந்த மனிதர் எங்கேயும் அழவில்லை போலிருக்கிறது. அவர் அழுவதைப் பார்த்த பிறகுதான் ரிங்கி அழுதாள்.

மறுநாள் அவள் வந்து பொம்மையிலிருந்து பட்டன் இரண்டையும் விரலால் நோண்டி எடுத்தாள். குழாயடியில் கழுவி டப்பாவில் போட்டாள். பொம்மையை மண் ஊற வைக்கிற வாளிக்குள் தானே இறக்கினாள். சுடாத மண், தண்ணீரில் போட்டால் கரைந்து பழையபடி மண்ணாகிவிடும், அது பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த வாரம் வாளியில் கையை விட்டுப் பிசைய என்னால் முடியவில்லை. இரண்டு நாள் என்னிடம் பேசாமல் இருந்த ஜெபாதான் வந்து பிசைந்தார்.

சில நாளில் முகேஷ் அவளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். பாப்பாவைப் பார்க்கப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வரவில்லை.

இதை எழுத எழுத ஒரு சந்தேகம் வருகிறது. “செத்துப் போயிட்டா, இனி வரமாட்டா” என்று நேராகச் சொன்னதாக மேலே எழுதியிருக்கிறேன். எனக்கு அப்படித்தான் நினைவு. ஆனால் என் சுபாவம் எனக்குத் தெரியும். “சாமிகிட்டப் போயிருக்கறா” என்று மழுப்பியிருந்தாலும் இருப்பேன். அப்படிச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை இன்னும் எங்கோ ஒரு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

ஜெபா டீச்சர் அப்போது பக்கத்தில் நின்றார். கல்யாணமாகி இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ தெரியாது. அவர் இதைப் படித்தால், அல்லது அவரைத் தெரிந்தவர்கள் படித்தால், நாள் கணக்கும் பட்டன் நிறமும் தப்பாக இருந்தாலும் போகட்டும். அந்த ஒரு வார்த்தையை நான் எப்படிச் சொன்னேன் என்று மட்டும் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதிப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.